சாவித்திரிபாய் அம்மையார்

புதிய நோயொன்று ஓர் ஊருக்குள் புகும்போது, அதன் முதற்சில வாரங்களே மிகக் கொடியவை. நோயின் பெயர் தெரிந்திருக்கும். அது பரவும் வழி தெரிந்திராது. இன்ன மருந்தால் குணமாகும் என்று துணிந்து கூற மருத்துவராலும் இயலாது. அவ்வேளையில் மக்கள் நோய்க்கு மட்டும் அஞ்சுவதில்லை. நோயுற்றவரைக் கண்டும் அஞ்சுவர். நேற்றுவரை உறவு கொண்டாடியவர் இன்று தெருவை மாற்றி நடப்பர். உயிர் காக்கும் மருந்தினும் அரிதாகிவிடுவது, நோயாளரின் அருகே செல்லும் துணிவேயாகும்.

1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மராட்டிய நாட்டில் உள்ள புனே நகரில் இத்தகைய வாரங்கள் வந்தன. அப்பொழுது, அறுபத்தாறு வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர், நோயாளரைத் தேடிச் சென்றார். அவர்களை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். முடிவில் அந்நோய்க்கே தம் உயிரைக் கொடுத்தார். அவரே சாவித்திரிபாய் பூலே அம்மையார். பெண் கல்விக்கு வழிகாட்டிய ஆசிரியர் என்று அவரை நாடு நன்கு அறியும். கொள்ளைநோயின் நடுவே அவர் ஆற்றிய இறுதித் தொண்டினை அறிந்தவர் சிலரே. அத்தொண்டினை விரிவாகக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

சாவித்திரிபாய் 1831-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள், சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் மதிப்புடன் வாழ்ந்த உழவர். அக்கால வழக்கப்படி, ஒன்பதாம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடைபெற்றது. கணவர் சோதிராவ் பூலேவுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. அவரது குடும்பம் மலர்த்தோட்டம் பேணும் மாலி வகுப்பைச் சார்ந்தது.

மணமாகி வந்தபொழுது சாவித்திரிபாய்க்கு எழுத்தறிவு இல்லை. பெண்மக்கள் கற்பது குடும்பத்துக்குக் கேடு விளைக்கும் என்று நம்பிய காலம் அது. சோதிராவ் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. தாம் கற்றதைத் தம் மனைவிக்கும் கற்பித்தார். பகற்பொழுது வீட்டு வேலையிலும் தோட்ட வேலையிலும் கழிய, எஞ்சிய நேரத்தில் அவர் எழுத்தைக் கற்றார். பின்னர் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

ஆசிரியப் பணி

1848-ஆம் ஆண்டு, புனே நகரின் பிடே வாடா என்னும் இடத்தில், கணவனும் மனைவியும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அப்பொழுது சாவித்திரிபாய்க்கு வயது பதினேழு. சில ஆண்டுகளுக்குள் பள்ளிகள் மூன்றாகப் பெருகின. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் பள்ளி அமைத்தனர்.

ஊரில் எதிர்ப்பு எழுந்தது. அம்மையார் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் சிலர் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தனர், கல்லெறிந்தவரும் உண்டு. அவர் வசை பாடியவரோடு வாதாடி நின்றாரல்லர்; பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் அடங்கினாருமல்லர். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்கான சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். எதிர்ப்பு இல்லத்திற்குள்ளும் புகுந்தது. பள்ளியை விடுக, அன்றேல் வீட்டை விடுக என்று குடும்பத்தார் நெருக்கவே, இருவரும் வீட்டைவிட்டு வெளியேறினர், பள்ளியை விடவில்லை.

இந்நிகழ்ச்சி அம்மையாரின் இயல்பை நமக்கு நன்கு விளக்குகின்றது. செய்யத்தக்க செயல் இது என்று தெளிந்தபின், அதனைச் செய்வதற்கு வேண்டிய சிறு ஏற்பாட்டை அவர் அமைதியாகச் செய்துகொள்வார், பின்னர் நடந்துகொண்டேயிருப்பார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கொள்ளைநோய் வந்த காலத்திலும் அவர் இவ்வாறே நடந்தார்.

அடைக்கலம் தந்த இல்லம்

அக்காலத்தில் இளம் வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுள் வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றோர், ஊர்ப்பழிக்கு அஞ்சித் தம் உயிரையோ, பிறந்த குழந்தையின் உயிரையோ போக்கிக்கொள்வதும் உண்டு. அவர்கள் மறைவாக வந்து தங்கவும், துன்பமின்றி மகப்பேறு பெறவும் 1863-ஆம் ஆண்டு பூலே இணையர் ஓர் அடைக்கல இல்லத்தை ஏற்படுத்தினர். வந்தவரின் குலத்தை அங்கு எவரும் ஆராயவில்லை. பிறந்த குழந்தைகளைச் சாவித்திரிபாய் தம் மக்களைப்போலப் பேணினார்.

அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. 1874-ஆம் ஆண்டு, அடைக்கலம் தேடி வந்த அந்தணக் கைம்பெண் ஒருவர் ஈன்ற ஆண் குழந்தையைத் தம் மகனாக ஏற்று வளர்த்தனர். யஷ்வந்த் என்று அவனுக்குப் பெயரிட்டனர். அவனுக்கு மருத்துவக் கல்வியும் அளித்தனர். இறக்கவிருந்த உயிர் ஒன்றை அவ்வில்லம் காத்தது; அவ்வுயிர் பின்னர்ப் பலருடைய உயிரைக் காக்கும் மருத்துவராக வளர்ந்தது.

1868-ஆம் ஆண்டு, பொதுக்கிணற்றில் நீர் மொள்ள உரிமையற்றிருந்த மக்களுக்குத் தம் வீட்டு நீர்த்தொட்டியை அவர்கள் திறந்துவிட்டனர். 1873-ஆம் ஆண்டு சோதிராவ் சத்தியசோதக் சமாஜம் என்னும் அமைப்பை நிறுவினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பது அதன் கொள்கை. அம்மையார் அதன் பணிகளில் முன்னின்று உழைத்தார்.

பஞ்சத்தில் பெற்ற பட்டறிவு

1876, 1877 ஆகிய ஆண்டுகளில் தக்காண நாட்டையும் சென்னை மாநிலத்தையும் பெரும்பஞ்சம் வாட்டியது. தமிழகத்தில் அது தாது வருடப் பஞ்சம் என்று வழங்கப்பெறும். அப்பொழுது சத்தியசோதக் தொண்டர்கள் சிற்றூர்களுக்குச் சென்று பசித்தோர்க்கு உணவளித்தனர். அம்மையாரும் சுன்னர்ப் பகுதியில் உள்ள ஓத்தூர் என்னும் ஊரில் தங்கிப் பணியாற்றினார்.

1877-ஆம் ஆண்டு அங்கிருந்து அவர் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. ஊர்களில் தானியம் இல்லாமையும், மாடுகள் தீவனமின்றி வீழ்ந்து மடிவதும், மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதும் அதில் விளக்கப்பட்டுள்ளன. பொய்க்குற்றம் சாட்டிச் சிறைப்படுத்தப்பட்ட தொண்டர்களுக்காக அவர் மாவட்ட ஆட்சியரை நேரிற் கண்டு பேசிய செய்தியும் அதில் உள்ளது.

பேரிடர்க் காலத்தில் இரங்குதல் மட்டும் போதாது என்பதைப் பஞ்சம் அவருக்குக் கற்பித்தது. துன்புறுவோர் எங்குள்ளனர் என்று தேடி அறிதல் வேண்டும். உதவி கிடைக்கும் இடம் ஒன்றை அமைத்தல் வேண்டும். நடக்க இயலாதவரை அவ்விடத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். இம்மூன்றும் பின்னர்க் கொள்ளைநோய்க் காலத்தில் அவருக்குப் பயன்பட்டன.

கணவரின் மறைவு

1888-ஆம் ஆண்டு சோதிராவ் பக்கவாத நோயால் தாக்குண்டு வலக்கை செயலற்றார். அம்மையார் அவரை அருகிருந்து பேணினார். 1890-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் சோதிராவ் இயற்கை எய்தினார். இறுதிக் கடன் ஆற்றும் உரிமை வளர்ப்பு மகனுக்கு இல்லை என்று உறவினர் வழக்குரைத்தபொழுது, அம்மையார் தாமே நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி இறுதி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். பெண்கள் இடுகாட்டுக்குச் செல்வதும் வழக்கமில்லாத காலத்தில் இது நிகழ்ந்தது. அதன்பின் சமாஜத்தின் பணிகளை அவரே முன்னின்று நடத்தினார். 1893-ஆம் ஆண்டு சாஸ்வட் என்னும் ஊரில் கூடிய அதன் மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார்.

கொள்ளைநோயின் வருகை

சீன நாட்டின் தென்பகுதியிலிருந்து பரவிய பிளேக் என்னும் கொள்ளைநோய், 1894-ஆம் ஆண்டு ஹாங்காங்கை அடைந்தது. அவ்வாண்டிலேயே, நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை எர்சின் என்னும் அறிஞர் அங்குக் கண்டறிந்தார். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நோய் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் தோன்றியது. வியேகாஸ் என்னும் மருத்துவர் அதனைப் பிளேக் என்று முதலில் அறிந்து உரைத்தார். அஞ்சிய மக்கள் இலட்சக்கணக்கில் பம்பாயைவிட்டு ஓடினர். அவர்கள் ஏறிச் சென்ற புகைவண்டிகளிலேயே நோயும் சென்றது. பம்பாய்க்கு அருகில், இருப்புப்பாதை வழியில் அமைந்த புனே நகருக்கு அது விரைவில் வந்து சேர்ந்தது.

நோயின் தன்மை அச்சம் தருவது. நலமாக இருந்தவருக்குத் திடீரெனக் கடுங்காய்ச்சல் காணும். தலை வலிக்கும், கால்கள் தள்ளாடும், பேச்சுக் குழறும். தொடையிடுக்கிலோ, அக்குளிலோ, கழுத்திலோ நெறி கட்டி வீங்கும். பலர் சில நாட்களுக்குள் இறப்பர். தக்க மருந்து இல்லாத அந்நாளில், நெறி கட்டியவருள் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை.

அந்நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எவரும் அறியார். மண்ணிலிருந்து வருகின்றது என்றனர் சிலர்; கெட்ட காற்றில் வருகின்றது என்றனர் வேறு சிலர். நோய்க்கு முன்னர் வீடுகளில் எலிகள் செத்து வீழ்வதை மக்கள் கண்டிருந்தனர். ஆயினும் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமந்து வருகின்றது என்னும் உண்மையை, சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-ஆம் ஆண்டிலேதான் கண்டறிந்தார். எலி இறந்ததும் அதன்மீதிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலை நாடும். மனிதனைக் கடித்து, நோயை அவன் குருதியில் செலுத்தும். காப்பு மருந்தும் அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஹாப்கின் என்னும் அறிஞர் பம்பாயில் தாம் செய்த தடுப்பு மருந்தை 1897-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். அது புனேயின் புறநகர் மக்களுக்கு இன்னும் எட்டவில்லை.

ஆகவே, அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் நோயாளரை அணுகியவர்கள், தம்மைக் காக்கும் வழி இன்னதென்று அறியாமலே அணுகினர். தொட்டால் ஒட்டுமோ, மூச்சுப் பட்டால் ஒட்டுமோ, உடுத்த துணியால் ஒட்டுமோ என்று தெரியாத நிலையில், தொட்டுத் தூக்கியவரின் துணிவு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹடப்சரில் மருத்துவ நிலையம்

வளர்ப்பு மகன் யஷ்வந்த் அப்பொழுது படைத்துறையில் மருத்துவராகப் பணியாற்றிவந்தார். அம்மையார் அவரை அழைத்தார். விடுப்புப் பெற்று வந்த மகனைக்கொண்டு, புனே நகருக்கு வெளியே, ஹடப்சர்ப் பகுதியில், சாசனே மாலா என்னும் தோட்ட நிலத்தில் ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். தம் மகனைப் பாதுகாப்பான இடத்தில் இருத்திவைக்க விரும்புவது தாயின் இயல்பு. இவ்வம்மையாரோ, தம் ஒரே மகனை நோயின் நடுவே வரவழைத்தார். தாமும் அவருடன் நின்றார்.

இடத்தைத் தேர்ந்ததிலும் அறிவு இருந்தது. நெருக்கமான தெருக்களும், காற்றோட்டமற்ற வீடுகளும், எலிகள் மலிந்த தானியக் கிடங்குகளும் நிறைந்தது நகரம். ஊருக்குப் புறத்தேயுள்ள திறந்த வெளியில் காற்றும் வெளிச்சமும் உண்டு. நோயாளர் பிறரோடு கலவாமல் தனித்திருக்கவும் அவ்விடம் ஏற்றதாயிற்று.

அக்கால மருத்துவர் கையில் நோயைக் கொல்லும் மருந்து இல்லை. ஆயினும் செய்யத்தக்கவை பல இருந்தன. நோயாளரைப் படுக்கையில் அசையாது கிடத்துதல், காய்ச்சலின் வெப்பத்தை ஈரத்துணியால் தணித்தல், நாவறட்சிக்கு அடிக்கடி நீர் கொடுத்தல், கஞ்சி முதலிய எளிய உணவைச் சிறிது சிறிதாகப் புகட்டுதல், நெறி பழுத்தால் கீறிக் கட்டுதல், பிதற்றி எழுந்தோடுபவரைப் பிடித்து அமர்த்துதல் ஆகியவையே அன்றைய சிகிச்சை. இவற்றுள் பெரும்பகுதி செவிலித் தொண்டு. பிழைக்கும் வலிமை சிறிதேனும் உடலில் எஞ்சியிருப்பவர், இத்தொண்டு கிடைத்தால் பிழைக்கக்கூடும். கிடைக்காவிடில் தாகத்தினாலும் தளர்ச்சியினாலுமே இறந்துபடுவர்.

மருத்துவ நிலையம் அமைத்தால் மட்டும் நோயாளர் வந்துவிடுவதில்லை. காய்ச்சல் கண்ட வீட்டார் அதனை மறைத்தனர். மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்புவதில்லை என்ற வதந்தி எங்கும் உலவியது. எளியவர்க்கோ வண்டி வைத்து வருவதற்கு வழியில்லை. தீண்டாமைக்கு ஆளானவர்களைத் தொட்டுத் தூக்கிவரவும் ஆளில்லை. ஆகவே அம்மையார் நிலையத்தில் காத்திருக்கவில்லை. சிற்றூர்களுக்கும் சேரிகளுக்கும் தாமே சென்றார். காய்ச்சல் கண்டவர் உளரோ என்று வினவினார். வீட்டாரின் அச்சத்தைப் போக்கி, நோயாளரை மகனிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

தோளிற் சுமந்த சிறுவன்

ஹடப்சருக்கு அயலில் முந்த்வா என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்கு வெளியே மகார் மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்று இருந்தது. தீண்டாமையால் ஊருக்குள் இடம் பெறாத மக்கள் அவர்கள். அங்குக் கெய்க்வாட் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பிளேக் கண்டது என்ற செய்தி அம்மையாருக்கு எட்டியது. உடனே அவர் அங்கு விரைந்தார்.

சிறுவனால் நடக்க இயலவில்லை. வண்டிக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சொல்லியனுப்பினும் வண்டிக்காரர் வருவர் என்பதற்கு உறுதியில்லை. அம்மையார் ஒரு கணமும் தயங்கவில்லை. காய்ச்சலால் கொதிக்கும் அச்சிறுவனைத் தூக்கித் தம் முதுகின்மேல் சுமத்திக்கொண்டார். அறுபத்தாறு வயதுடைய அவர், வயல்வெளி வழியே அவனைச் சுமந்து சென்று, மகனின் மருத்துவ நிலையத்தில் சேர்த்தார்.

சிறுவன் மருத்துவரின் கைக்கு வந்து சேர்ந்தான்; சுமந்து வந்தவரை நோய் பற்றிக்கொண்டது. அவர் படுக்கையில் வீழ்ந்தார். 1897-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

எவருடைய நிழலும் தம்மேல் படலாகாது என்று ஒரு சாரார் ஒதுக்கிவைத்தனரோ, அவர்தம் குழந்தையைத் தம் உடலோடு சேர்த்துச் சுமந்தபொழுது நேர்ந்த முடிவு அது. அம்மையார் வாழ்நாள் முழுதும் கற்பித்த பாடமும், இறுதியில் அவர் செய்த செயலும் ஒன்றாகவே இருந்தன.

அவர் மறைவுக்குப் பின்

அம்மையார் மறைந்த சில நாட்களில் புனே நகரில் வேறொரு காட்சி தொடங்கியது. கொள்ளைநோயைத் தடுப்பதற்கென அரசு 1897-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியிருந்தது. அச்சட்டத்தின் வலிமையைக்கொண்டு, ராண்டு என்னும் ஆங்கில அதிகாரியின் தலைமையில், மார்ச்சுத் திங்களின் நடுவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளரைத் தேடினர். நோயுற்றவரையும் ஐயத்துக்குரியவரையும் முகாம்களுக்குக் கொண்டுசென்றனர். வீட்டுப் பொருள்கள் எரிக்கப்பட்டன. பெண்களின் நாணத்தையும் மக்களின் வழிபாட்டிடங்களையும் அவர்கள் மதிக்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. மக்கள் நோயாளரை முன்னிலும் மறைத்தனர். மனக்கொதிப்பு வளர்ந்து, அவ்வாண்டு சூன் திங்கள் 22-ஆம் நாள் ராண்டு சுடப்பட்டு, பின்னர் இறந்தார்.

நோயாளரைத் தேடுவதும், பிறரிடமிருந்து பிரித்துவைப்பதும் தவறான செயல்களல்ல. அம்மையாரும் அவற்றையே செய்தார். அரசின் ஆட்கள் கதவைத் தட்டியபொழுது வீட்டார் நடுங்கினர். அம்மையார் வந்தபொழுது தம் குழந்தையை அவரிடம் ஒப்படைத்தனர். மக்களின் நம்பிக்கையைப் பெறாத மருத்துவம் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

மருத்துவர் யஷ்வந்தும் தாயின் வழியையே பின்பற்றினார். பின்னாளில் மீண்டும் பிளேக் பரவியபொழுது நோயாளருக்குத் தொண்டாற்ற வந்து, 1905-ஆம் ஆண்டு அந்நோய்க்கே இரையானார்.

இந்திய நாட்டில் அக்கொள்ளைநோய் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. தமிழகமும் தப்பவில்லை. கோயம்புத்தூர்ப் பகுதியில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் இன்றும் உள்ள கோயில்கள் அக்கால மக்களின் நடுக்கத்தை நினைவூட்டுகின்றன. 1943-ஆம் ஆண்டு ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. அதன்பின் பிளேக், காலத்தில் மருந்து கிடைத்தால் குணமாகும் நோயாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையார் மறைந்து நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் சென்றபின், 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனா என்னும் புதிய தொற்றுநோயின் முதல் வாரங்களை நாடு கண்டது. மார்ச்சு 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அப்பொழுதும் உரிய மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. மருத்துவமனைகளின் வாயிலிலேயே காய்ச்சல் கண்டவரைப் பிரித்துத் தனி வழியில் அனுப்பினர். மருத்துவரும் செவிலியரும் கவச உடையணிந்து, வியர்வையில் நனைந்து, மூச்சுத் திணறி வந்தவர்களை ஏற்றுக்கொண்டனர். பலர் தம் வீட்டுக்குச் செல்லாமல் வெளியிடங்களில் தங்கிப் பணியாற்றினர்.

அன்று சேறும் சாணமும் எறிந்தவர்களைப் போன்றோர் இன்றும் இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னையில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவும் சிலர் இடம் தர மறுத்துக் கல்லெறிந்தனர். நாட்டின் வேறு சில இடங்களிலும் சுகாதாரப் பணியாளர் தாக்கப்பட்டனர். ஆகவே 1897-ஆம் ஆண்டின் அதே தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை விதிக்க அரசு வகை செய்தது. மக்களை அடக்குவதற்குப் பயன்பட்ட சட்டம், மக்களுக்குத் தொண்டாற்றுவோரைக் காக்கும் சட்டமாகவும் ஆயிற்று.

இன்று நம் நிலை எவ்வளவோ உயர்ந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு உடல்நலம் கெட்டால், தாய் அதனைத் தோளில் சுமந்து காட்டு வழியே ஓட வேண்டுவதில்லை. 108 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் அவசர ஊர்தி வாயிலுக்கு வரும். ஊர்தியில் உயிர்க்காற்றுக் கலமும், முதலுதவி செய்யப் பயின்றவரும் இருப்பர். 2008-ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பெற்ற ஏற்பாடு இது. ஊர்தியில் வருபவர் நோயாளரின் குலத்தைக் கேட்பதில்லை, கட்டணமும் கேட்பதில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும்.

ஆயினும் ஊர்தியும் கருவியும் தாமே இயங்குவனவல்ல. நோய் இன்னதென்று தெரியாத முதல் வாரங்களில், ஊர்தியின் கதவைத் திறந்து நோயாளரைக் கைகொடுத்துத் தூக்க ஒருவர் வேண்டும். அஞ்சி நிற்கும் வீட்டாரிடம் இன்சொல் கூறி நம்பிக்கை ஊட்ட ஒருவர் வேண்டும். அத்தொண்டினை ஆற்றுவோரைத் தெருவில் வெறுத்து ஒதுக்காமல் வரவேற்க ஊரார் வேண்டும். மருத்துவராகவோ செவிலியராகவோ ஊர்தியை ஓட்டுபவராகவோ நீங்கள் வளரலாம். அன்றி அண்டை வீட்டாராகவே இருந்து, நோயுற்ற வீட்டுக்கு நீரும் உணவும் கொண்டுசென்று வைக்கலாம். இவை அனைத்தும் நோயாளரை நெருங்கும் வழிகளே.

சாவித்திரிபாய் அம்மையாரின் பெயர் 2014-ஆம் ஆண்டு புனே பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பெற்றது. அவர் பிறந்த சனவரி 3-ஆம் நாளைப் பலர் கொண்டாடுகின்றனர். எழுத்தறிவித்த ஆசிரியராக அவரைப் போற்றுவது தக்கதே. அதனோடு, மருந்தில்லா நாளில், அஞ்சாது சென்று, ஒதுக்கப்பட்டவர் வீட்டுக் குழந்தையைத் தம் முதுகிலே சுமந்து வந்த மூதாட்டியாகவும் அவரை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.